நான் அளக்காமல் எழுதிய நடு அளவுகள்

போன மாதம் ஒருநாள், காலைத் தேத்தண்ணி குடிக்க முன்னமே ஜெயந்தியிடமிருந்து என் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. நான் ஓய்வு பெற்ற நீர்ப்பாசனக் கந்தோரில் கருவிப் பகுதியை இப்போது பார்த்துக்கொள்பவள் அவள். படத்தில் இருந்தது ஒரு படிவம். குளத்துக் கதவுகளில் பூட்டியிருக்கும் சென்சர்களை வருடத்துக்கு ஒரு தடவை சோதித்து நிரப்பும் படிவம்தான். "அண்ணன், இது புதுசு. நடு அளவு எழுதுற மூண்டு வரியையும் தூக்கிட்டாங்க. பூச்சியமும் முழுத்திறப்பும் போதுமாம். புதுச் சென்சர் தன்னைத்தானே திருத்திக்கொள்ளுமாம். நீங்க என்ன சொல்றீங்க?" என்று கீழே எழுதியிருந்தாள்.

நான் பதில் எழுதவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு மனைவி, "என்ன, ஆரும் மோசம் போயிட்டாங்களா?" என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். "பெஞ்சன் எடுத்து நாலு வருசமாச்சு, இன்னும் அந்தக் கதவாலதான் உங்களுக்குக் காய்ச்சல் வருது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவள் சொல்வதிலும் பிழையில்லை. காஸ் சிலிண்டரின் வாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வாசல் வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தரம் தொட்டுப் பார்க்கிற ஆள் நான். தேற்றாத்தீவில் எங்கள் ஒழுங்கையில் எனக்கு 'மூண்டுதரம்' என்று பட்டப்பெயரே இருக்கிறது. நான் பிறக்கும்போதே இப்படி இருந்தவன் அல்ல. ஒரு மாரியில் இப்படி ஆனேன். ஜெயந்திக்கு இரண்டு வரியில் அதைச் சொல்ல முடியாது. ஆகவே நீளமாகவே எழுதுகிறேன்.

நான் தொழில் பழகிய கதை பெரிதல்ல. மட்டக்களப்பில் ஒரு வருடம் ரேடியோ திருத்தப் படித்தேன். பிறகு கொழும்பில் ஆறு மாதம் கருவிப் பயிற்சி. திரும்பி வந்ததும் பம்பு மோட்டர், மழைமானி, குளத்து மட்டக்கோல் என்று கந்தோரில் எதைத் தந்தாலும் பார்த்தேன். இந்தக் காந்தச் சென்சர்கள் வந்தது என் வேலையின் பிற்பாதியில். படுவான்கரையில் எங்கள் பொறுப்பிலிருந்த ஒரு குளத்தின் பெரிய கதவுக்குத்தான் முதலாவதைப் பூட்டினோம்.

அது சாப்பாட்டுப் பெட்டியளவு ஒரு பெட்டி. கதவைத் தூக்கும் இரும்புத் தண்டு மேலே வர, பற்சக்கரம் ஒன்று சுழன்று, பெட்டிக்குள் ஒரு சிறு காந்தத்தைத் தண்டவாளத்தில் நகர்த்தும். கதவு எட்டு அடி எழும்பினால் காந்தம் நாலு விரலளவு நகரும். அதன் பக்கத்தில் சிறுவிரல் நகத்தளவு சென்சர். காந்தத்தின் புலம் கூடினால் அதன் வோல்ற்றேஜ் கூடும், குறைந்தால் குறையும். அந்த வோல்ற்றேஜை அடிக்கணக்காக மாற்றிப் பெட்டி தன் முகத்தில் காட்டும், கந்தோர்த் திரைக்கும் அனுப்பும். இவ்வளவுதான் அதன் வித்தை.

இந்தப் பெட்டி இரண்டு விதமாகப் பிழை சொல்லும். கடைத் தராசு ஒன்று கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைத்துக் காட்டுகிறது என்று வையுங்கள். ஒரு கிலோவுக்கு ஐம்பது, பத்துக் கிலோவுக்கு ஐந்நூறு. இது உணர்திறன் பிழை. காந்தம் வெயிலில் சோர்ந்தாலும் வரும், வயதானாலும் வரும். பெரிய ஆபத்தில்லை. பெட்டிக்குள் ஒரு திருகாணி இருக்கிறது, அதைக் கொஞ்சம் திருகினால் எல்லா அளவும் ஒன்றாகச் சரிக்கு வந்துவிடும். மற்றது வேறு சாதி. ஒரு கிலோவில் சரி, பத்துக் கிலோவிலும் சரி, நாலு கிலோவில் மட்டும் பிழை. நேராகப் போகவேண்டிய கோடு நடுவில் தொய்ந்துவிடுகிறது. நேர்கோட்டுப் பிழை என்று நாங்கள் சொல்வது அதைத்தான். எந்தத் திருகாணியாலும் அதைத் திருத்த முடியாது. இரண்டு முனையை மட்டும் பார்க்கிறவன் கண்ணுக்கு அது படவும் படாது.

இது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

எங்கள் எஞ்சினியர் தில்லைநாதன் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும், பயந்துவிட்டு மறந்திருப்போம். நாங்கள் ஏதாவது சொன்னால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "கண்டதோ, கேட்டதோ, நினைச்சதோ?" என்று கேட்பார். "மதகு உடைஞ்சிட்டு சேர்" என்றாலும் இதே கேள்வி. "சேர், உங்கட வீட்டில இருந்து போன் வந்தது" என்றாலும் இதே கேள்விதான். பதிவேட்டில் எழுதும் ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்துப் போடவேண்டும். கண்டதற்குக் 'க', கேட்டதற்குக் 'கே', நினைத்ததற்கு 'நி'. நினைத்ததை எழுதியதற்காக அவர் யாரையும் ஏசியதில்லை. "நினைக்கிறது குற்றமில்லை ஐசே, நினைச்சதைக் கண்டதெண்டு எழுதுறதுதான் குற்றம்" என்பார். கந்தோரில் பகிடிக்குச் சொல்வோம், சேர் சோற்றுக் கோப்பையைத் திறக்க முன்னம் மீன் குழம்பைக் 'கே' என்று போட்டுத்தான் வைப்பார் என்று.

அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டவர் ஹனிபா காக்கா. ஏறாவூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் அண்ணன் என்ற முறையில் காக்கா. கதவடியில் ஓர் அறை, கட்டில், மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு பூனை. மின்சாரம் இருந்தால் கதவை மோட்டர் தூக்கும், இல்லாவிட்டால் கைபிடியைச் சுற்ற வேண்டும். ஓர் அடிக்கு முப்பது சுற்று. பத்துச் சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டையை இடப்பக்கப் பையிலிருந்து வலப்பக்கப் பைக்கு மாற்றுவார். பெட்டி வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை. "பெட்டிதான் கணக்குப் பார்க்குதே காக்கா" என்று கேட்டால், "அது அதுட வேலயப் பாக்கட்டும், நான் என்ட வேலயப் பாக்கன்" என்பார்.

பெட்டி வந்து மூன்றாம் வருடம், காந்தத்தின் தண்டவாளத்தைப் பிடித்திருந்த நாலு பித்தளை ஆணிகளையும் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பழைய பித்தளைக்கு அப்போது நல்ல விலை. தண்டவாளம் ஆடியது, அளவு தாறுமாறாக வந்தது. அது கோடை, வருடச் சோதனைக்கும் நாள் வந்திருந்தது. களுவாஞ்சிக்குடியில் ஒரு கடைக்குப் போய்ப் பித்தளை ஆணி கேட்டேன். "பித்தளை முடிஞ்சிது தம்பி, இரும்புதான் இருக்கு. அளவு ஒண்டுதானே, பூட்டினா இறுகினாச் சரி" என்றார் கடைக்காரர். நானும் நாலு இரும்பு ஆணிகளை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனேன்.

காந்தத்துக்குப் பக்கத்தில் இரும்பு வைக்கக்கூடாது என்பது கொழும்பில் முதல் வாரமே சொல்லித் தந்த பாடம். பித்தளை காந்தத்தைச் சட்டை செய்யாது, இரும்பு அதன் புலத்தைத் தன் பக்கம் இழுக்கும். எனக்கு நினைவில்லாமல் இல்லை. நாலு சின்ன ஆணி என்ன செய்துவிடப் போகிறது, பிறகு பித்தளை கிடைத்தால் மாற்றலாம் என்று மனம் சமாதானம் சொன்னது. இந்தப் 'பிறகு' என்ற சொல்லைப்போல ஒரு கள்ளன் எங்கள் தொழிலில் இல்லை.

ஆணியைப் பூட்டிவிட்டு மோட்டரில் கதவை முழுதாகத் தூக்கினேன். எட்டு அடி காட்டவேண்டிய பெட்டி ஏழே கால் காட்டியது. உணர்திறன் இறங்கிவிட்டது என்று திருகாணியைத் திருகினேன். எட்டு வந்தது. கதவை மூடினேன், பூச்சியம் வந்தது. எனக்குப் பெரிய சந்தோசம்.

மிச்சம் இருந்தது நடு அளவுகள். இரண்டு அடி, நாலு அடி, ஆறு அடி. மூடியிருக்கும்போதும் முழுதாகத் திறந்திருக்கும்போதும் கதவு எங்கே நிற்கிறது என்பதற்குத் தடை இருக்கிறது, யாரும் அளக்கத் தேவையில்லை. நடுவில் அப்படியில்லை. ஒவ்வோர் அளவுக்கும் ஒருவர் இரும்பு ஏணியால் கிணறுபோன்ற கதவுக்குழிக்குள் இறங்கி, கதவின் அடியில் அளவுகோலைப் பிடித்துச் சொல்லவேண்டும். அந்த ஒருவர் எப்போதும் ஹனிபா காக்காதான். அன்று நோன்பு. நண்பகல். ஏணியின் கம்பியில் கையை வைக்க முடியவில்லை. காக்கா உதடு வெடித்துப்போய், ஆனாலும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியடிக்கு வந்து நின்றார்.

"வேணாம் காக்கா, நீங்க போய் நிழல்ல இரிங்க" என்றேன்.

"நடு அளவு எடுக்கல்லயா தம்பி?"

"ரெண்டு முனையும் சரி. நடுவும் சரியாத்தான் இருக்கும். நான் பாத்துக்கொள்றன்."

அவர் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு மரத்தடிக்குப் போய்விட்டார். நானே இறங்கியிருக்கலாம். எனக்கு நோன்புமில்லை, ஒன்றுமில்லை. வெயில், பசி, நாலு மணி பஸ். பெட்டியின் மேல் பதிவேட்டை வைத்து இரண்டுக்கு இரண்டு, நாலுக்கு நாலு, ஆறுக்கு ஆறு என்று எழுதினேன். அச்சாகச் சரியாக இருந்தால் சந்தேகம் வரும் என்று நாலை 3.9 ஆக்கினேன். மூன்றுக்கும் பக்கத்தில் 'க' போட்டேன். சோம்பல் என்று மற்றதை மன்னித்தாலும், அந்த 3.9 கள்ளத்தனம்.

மாரி வந்தது. மார்கழியில் மூன்று நாள் விடாத மழை. குளம் நிரம்பி, கதவைத் திறந்தே ஆகவேண்டும் என்ற நிலை. கதவுக்குக் கீழே வாய்க்கால் போய், தண்ணீர் மேலால் ஓடும் தாழ்ந்த பாதையான ஒரு தாம்போதியைக் கடக்கும். அந்தத் தாம்போதிதான் அக்கரையில் இருக்கும் மூன்று கிராமத்துக்கும் ஒரே பாதை. கதவு மூன்று அடி வரை திறந்தால் தாம்போதியில் முழங்கால் தண்ணீர், உழவு இயந்திரம் போகலாம். நாலு அடி என்றால் இடுப்பளவு தண்ணீர், அதுவும் இழுக்கும் தண்ணீர். அப்போது பாதையை மூட வேண்டும். அன்று மூட முடியாத காரணம் ஒன்று இருந்தது. சாதாரணதரப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. அக்கரைப் பிள்ளைகள் பதினாலு பேர் விடியலிலேயே உழவு இயந்திரம் இழுக்கும் பெட்டியில் ஏறி இக்கரைப் பாடசாலைக்கு வந்துவிட்டார்கள். பரீட்சை முடிந்து பன்னிரண்டு மணியளவில் அதே பெட்டியில் திரும்பிப் போகவேண்டும்.

தில்லைநாதன் சேர் காலையிலேயே முடிவு சொல்லிவிட்டார். மூன்று அடி திறப்பது, பிள்ளைகள் கடந்த பிறகு பாதையை மூடிவிட்டு மேலும் திறப்பது. தாம்போதியடியில் சிவப்புக் கொடியோடு வட்டைவிதானை நல்லதம்பியரை நிறுத்தினார். வயல்வட்டைகளுக்குத் தண்ணீர் பங்கிடும் பொறுப்பாளர் அவர், அந்தத் தண்ணீரின் குணம் தெரிந்தவர். மூன்று அடிக்கு மேல் கந்தோர் திறக்காது என்று அவருக்கும் சொல்லப்பட்டிருந்தது.

மின்சாரம் இல்லை. ஹனிபா காக்கா கையால் சுற்றினார். கந்தோரில் சேரும் நானும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பத்தரைக்குக் கொஞ்சம் பிந்தித் திரையில் 3.0 வந்தது. உடனே தொலைபேசி அடித்தது. சேர் எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"சேர், பெட்டி மூண்டு காட்டுது" என்றார் காக்கா. மழை இரைச்சலுக்குள் கத்திக்கொண்டிருந்தார். "என்ட கணக்கு நாலு சேர். நூத்தியிருவது சுத்து. பன்ரெண்டு கொட்ட மாறியிரிக்கி."

சேர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பதிவேட்டை இழுத்து, கோடையில் நான் எழுதிய பக்கத்தைத் திருப்பினார். நான் அவருடைய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கீழே வந்து 3.9இல் நின்றது.

"ஹனிபா, சோதனையில நாலு அடிக்கு மூண்டு தசம் ஒன்பது காட்டியிருக்கு. கண்டதெண்டு போட்டிருக்கு. நீரும் அண்டைக்கு நிண்டனீர்தானே?"

காக்காவுக்குத் தெரியும். குழிக்குள் இறங்காத அளவுகோல் எப்படி 3.9 காணும் என்று அந்தக் கணத்தில் உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

"நிண்டன் சேர்" என்றார் காக்கா.

"தண்டு தேய்ஞ்சிருந்தால் சுத்துக் கணக்குப் பிழையாய் வரும். அப்படியே விடும். கை வையாதேயும்." சேர் தொலைபேசியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "என்ன ஐசே, சரிதானே?"

நான் "ஓம் சேர்" என்றேன்.

சுவர்க் கடிகாரத்தில் அப்போது பத்து நாற்பது. அடுத்த பதினொரு நிமிடத்தை எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். நான் ஒன்றும் யோசிக்கவில்லை என்று சொல்வது பொய். எல்லாவற்றையும் யோசித்தேன். நாலு ஆணியையும் யோசித்தேன். மூடியிருக்கும்போதும் முழுதாகத் திறக்கும்போதும் காந்தம் அந்த ஆணிகளுக்குக் கொஞ்சம் எட்டத்தில்தான் நிற்கிறது, அங்கே குறைந்ததைத் திருகாணி மறைத்துவிட்டது. நடுவில் வரும்போது ஆணிகளுக்கு இடையால் போகிறது. அங்கேதான் இரும்பு புலத்தைத் தின்னும், அங்கேதான் பெட்டி குறைத்துச் சொல்லும். கதவு நாலு அடி திறந்திருக்க மூன்று என்று சொல்லும். இதெல்லாம் எனக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. மிச்சப் பத்து நிமிடமும் நான் யோசித்தது என்னைப் பற்றி. பதிவேட்டில் பொய் எழுதியவனுக்கு வேலை போகும். அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வுக்கான நேர்முகம் இருந்தது. காக்கா எண்ணியது பிழையாக இருக்கலாம், நூற்றியிருபது சுற்றில் யாருக்கும் கணக்குத் தவறலாம் என்று அந்த மனிதரைப் பொய்யராக்கிப் பார்த்தேன். கதவிலிருந்து தாம்போதிக்குத் தண்ணீர் போக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் செல்லும், இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சேர் வேறு ஏதோ கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அவர் பென்சில் கீறுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

பத்து ஐம்பத்தொன்றுக்கு எழும்பினேன். "சேர்."

"என்ன?"

"அந்த நடு அளவு சேர். மூண்டும் நினைச்சது."

அவர் என்னைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை, ஏசவும் இல்லை. தொலைபேசியை எடுத்துக் கதவடிக்கு அடித்தார். மணி போனது, யாரும் எடுக்கவில்லை. திரும்ப அடித்தார். மூன்றாம் தரம் ஹனிபா காக்கா எடுத்தார். மூச்சு வாங்கியது.

"ஹனிபா, உடனே ஒரு அடி இறக்கும்."

"இறக்கிட்டன் சேர்." மூச்சை இழுத்துக்கொண்டார். "நீங்க போன வெச்சவுடனேயே துவங்கிட்டன். கை வையாதேயும் எண்டு சொன்னீங்கதான். மன்னிச்சிக்கங்க. இப்ப தொண்ணூறு சுத்துல நிக்கிது."

அப்போதுதான் நான் திரையைத் திரும்பிப் பார்த்தேன். 2.1 என்று இருந்தது. பதினொரு நிமிடமாக அந்தத் திரை இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதற்கு முன்னால் இருந்துகொண்டு நான் என் வேலையைப் பற்றி யோசித்திருக்கிறேன்.

கதவு மூன்று அடிக்கு வந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்னம் போன மேலதிகத் தண்ணீர் போனதுதான். அதைத் திருப்பிக் கூப்பிட முடியாது. அது ஒரு மேடாகத் தாம்போதியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. சேர் நல்லதம்பியருக்கு அடித்தார், தொடர்பு இல்லை. பாடசாலைக்கு அடித்தார், அங்கும் இல்லை. ஜீப்பை அனுப்பினார். அது இரண்டு மைலில் வெள்ளம் மறித்துத் திரும்பி வந்தது.

"இரும்" என்று எனக்குக் கதிரையைக் காட்டினார். "எவ்வளவு தண்ணி மேலதிகமாய் போயிருக்கு, எத்தனை மணிக்குத் தாம்போதிக்கு வரும். கணக்குப் போடும்."

போட்டேன். இரண்டு தரம் போட்டும் ஒரே விடைதான் வந்தது. பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னப் பின்ன. பிள்ளைகள் வரும் நேரமும் அதுதான். தாளைச் சேரிடம் நீட்டினேன். அவர் பார்த்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு இருவரும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். மட்டக்களப்பு மாமாங்கப் பிள்ளையாருக்கு நான் நேராத நேர்த்தி இல்லை. பதினாலு பிள்ளைகளின் முகத்தையும் நான் கண்டதில்லை. ஆனாலும் அந்த இரண்டு மணித்தியாலத்தில் ஒவ்வொரு முகமாக எனக்குத் தெரிந்தது. அது நினைத்ததுதான், ஆனால் கண்டதைவிடக் கொடுமையாக இருந்தது.

பன்னிரண்டே முக்காலுக்குத் தொலைபேசி அடித்தது. நல்லதம்பியர்.

"சேர், என்ன வேல செஞ்சீங்க? மூண்டு அடியெண்டுதானே சொன்னீங்க?" அழுகிறாரா ஏசுகிறாரா என்று தெரியவில்லை. "உழவு மிசின் பெட்டி நடுத் தாம்போதியில நிக்கக்குள்ள தண்ணி ஏறிட்டு. இடுப்புக்கு வரல்ல, துடைக்கு வந்திட்டு. பெட்டி ஒரு சாண் வழுக்கிக் கல்லுத்தூண்ல முட்டிக்கிட்டு நிண்டிச்சி. நாங்க கயிறு புடிச்சி இறங்கித் தூக்கினம்."

"பிள்ளையள்?" என்றார் சேர். அவருடைய குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

"பதினாலும் கரையேறிட்டு. ரெண்டு தரம் எண்ணிட்டன்."

"கண்டதோ?" என்று சேர் கேட்டார்.

"என்ட கையாலயே எண்ணினன் சேர்."

நான் வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தேன்.

அன்றே சேர் அறிக்கை எழுதினார். என்னைப் பற்றி, பிழையைத் தானாகச் சொன்னார், சொன்ன நேரம் 10.51 என்று எழுதினார். ஹனிபா காக்காவைப் பற்றி, உத்தரவை மீறினார், மீறியது சரி என்று எழுதினார். ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை. என் பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப்போனது. வேலை போகவில்லை. அது சேரின் இரக்கமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் பயம்.

தண்ணீர் வற்றியதும் அளவுகோலை எடுத்துக்கொண்டு நானே குழிக்குள் இறங்கினேன். காக்கா மேலே நின்று பெட்டியை வாசித்தார். இரண்டு அடிக்கு 1.4. நாலு அடிக்கு 3.0. ஆறு அடிக்கு 5.4. நாலு இரும்பு ஆணியையும் கழற்றிவிட்டுப் பித்தளை போட்டு, திருகாணியைப் பழையபடி பின்னால் திருகி, மறுபடி இறங்கி அளந்தேன். கோடு நேராக வந்தது. நடு அளவு மூன்றையும் இரண்டு பேர் பார்த்து இரண்டு பேரும் கையெழுத்து வைக்கவேண்டும் என்று அதற்குப் பிறகுதான் படிவம் வந்தது. ஜெயந்தி, இப்போது தூக்கிவிட்டார்கள் என்று நீ சொன்ன மூன்று வரி அவைதான். புதுச் சென்சர் தன்னைத் திருத்திக்கொள்ளட்டும். பக்கத்தில் யார் என்ன ஆணி பூட்டினான் என்று அதற்கு யார் சொல்வது?

வேலை முடிந்து காக்காவின் அறைக்குப் போனோம். அவருடைய இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. தேத்தண்ணிக் கோப்பையை விரல் நுனியால் பிடித்து என்னிடம் தந்தார்.

"காக்கா, நான் அளக்கல்ல எண்டு உங்களுக்குத் தெரியும். சேர் கேட்கக்குள்ள ஏன் சொல்லல்ல?"

"நோன்பு புடிச்ச எனக்காகத்தானே தம்பி உட்டீங்க. அத எப்புடி நான் போன்ல சொல்ற?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. உங்களுக்காக மட்டும் இல்லை காக்கா, என் சோம்பலும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தி மறித்தார்.

"இன்னொண்டும் தெரிஞ்சிக்கங்க. அந்தப் புள்ளயள்ல ஒண்டு போயிருந்தா, நான் உங்களக் காட்டிக் குடுத்திருப்பன். ஊரே கேக்கச் சொல்லியிருப்பன்."

"ஓம் காக்கா."

"தேத்தண்ணி ஆறுது, குடிங்க" என்றார். குடித்தேன். அவர் சீனி போட மறந்திருந்தார். நான் கேட்கவில்லை.